பொன்னாடையை மாற்றித் தர கடை உண்டா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து தம்பி வந்திருந்தான். பெயர் வேண்டாம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்தவன். கள்ளக்குறிச்சியில் தனியார் பள்ளி ஒன்றில் மாதம் 12,000 சம்பளத்துக்கு வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதுகிறான். விடச் சொன்னது நான்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

காபி குடிக்கும் வரை மழை, மரவள்ளிக்கிழங்கு விலை என்று என்னென்னவோ பேசினான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். ஒரு பத்தாயிரம் இருந்தா குடுங்க. தை மாசம் குடுத்துடறேன்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தான். கடன் கேட்க வந்தவன் தன் வரவுக் கணக்கைக் காட்டுகிறான்!

பதிப்பகம் ஒன்றுக்கு 240 பக்கம் மொழிபெயர்ப்பு. பக்கத்துக்கு நூறு ரூபாய் என்று பேச்சு. ஐந்து மாத வேலை. 6,000 முன்பணம் வந்தது, 18,000 பாக்கி. ஒரு பெரிய மனிதரின் சுயசரிதையை எழுதிக் கொடுத்ததில் பாக்கி 10,000. (அட்டையில் அவர் பெயர்தான் இருக்கும். அதுதான் ஒப்பந்தம்.) யூடியூப் சேனல் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதியதில் 7,500. ஒரு கோயில் கும்பாபிஷேக மலரைத் தொகுத்து, பிழை திருத்திக் கொடுத்ததில் 6,000. கூட்டினால் 41,500. பதிப்பகத்துக்காரர் "புத்தகக் கண்காட்சி முடியட்டும்" என்கிறாராம். இரண்டு கண்காட்சி முடிந்துவிட்டது.

நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தபாலாபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் முப்பத்தைந்து வருடம் தபால் துறையில் இருந்தவன். மணியார்டர் கவுண்டரில் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். பாரத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு இருக்கும், இரண்டு வரி எழுதலாம். 1979-ல் என் முதல் சிறுகதைக்கு 25 ரூபாய் சன்மானம் வந்தபோது அந்தக் கூப்பனில் கதையின் தலைப்பை எழுதியிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் போஸ்ட்மேன், ஒரு மீட்டர் தள்ளி இருந்த என்னிடம் முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தார். அந்தக் கூப்பன் இன்னும் என் டைரியில் இருக்கிறது. 2015-ல் பழைய மணியார்டரையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த 25 ரூபாயில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபீஸில் எல்லோருக்கும் மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அரிசி வாங்கச் சம்பளம் இருந்தது. எழுத்துப் பணம் மிக்சருக்கு. பிறகு ஓய்வு பெற்றேன், பென்ஷன் வந்தது, மிக்சர் பணமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்தேன். 2019 நவம்பரில் நம் ஊர் தனி மாவட்டம் ஆன பிறகு விழாக்கள் கூடிவிட்டன. கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர். எதற்கும் நான் காசு கேட்டதில்லை. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். பீரோவில் மேல் தட்டு முழுக்கப் பொன்னாடைதான். "இதை எந்த மளிகைக் கடையில மாத்துவாங்க, கேட்டுட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இப்படி மேல் தட்டு நிறையப் பொன்னாடை வைத்திருப்பவன், பென்ஷன் புத்தகம் பையில் இருக்கும் தைரியத்தில், ஒரு குடும்பஸ்தனைப் பார்த்து "வேலையை விடுப்பா, எழுத்து உன்னைக் காப்பாத்தும்" என்று சொல்லியிருக்கிறேன்.

எழுத்தாளன் என்றால் வறுமை என்று நாமே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறோம். புதுமைப்பித்தன் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் புனே வரை போய், காசநோயோடு திரும்பி, 1948-ல் 42 வயதில் இறந்தார். சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கி, பிறகு புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். இதையெல்லாம் மேடையில் சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். கைதட்டலும் கிடைக்கும். நானே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மைக்செட்காரருக்குப் பணம் கொடுப்போம், பந்தல்காரருக்கும் கொடுப்போம். பேசியவனுக்கும் எழுதியவனுக்கும் ஒரு துண்டு.

நம் பக்கத்தில் கரும்பு போடாத குடும்பம் குறைவு. கரும்பு வெட்டி ஆலைக்குப் போனால் 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கரும்பு போட்டவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி ஒரு விதி இருப்பதால்தான் அவர் சங்கம் வைத்துக் கேட்கிறார், மறியல் செய்கிறார், பேப்பரில் வருகிறது. 240 பக்கத்துக்கு எத்தனை நாளில் பணம் என்று எந்த ஆணையும் இல்லை. தம்பியின் நிலைமை கரும்புக்காரரை விட, அவன் ஊர்க்காரர்கள் கடுக்காய் விற்ற கதைக்குத்தான் கிட்ட வரும். காட்டில் அலைந்து பொறுக்குவது இவர்கள். மூட்டையைக் கீழே இறக்கியதும் வியாபாரி சொல்வதுதான் விலை. திருப்பித் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியுமா?

ஒரு விஷயத்தில் சட்டம் கொஞ்சம் துணைக்கு நிற்கிறது. இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவனுக்குத்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுத்து சொந்தம். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். தம்பியிடம் அந்த மொழிபெயர்ப்புக்குக் காகிதம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் இருந்தது, அவ்வளவுதான். நானாவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், காகிதம் இல்லாமல் ஒரு வரி எழுதாதே என்று. நான் சொன்னதெல்லாம் நடையைப் பற்றியும் உவமையைப் பற்றியும்தான்.

வீட்டுக்காரி உள்ளே போய்ப் பத்தாயிரத்தை எடுத்து வந்து கொடுத்தாள். "தை மாசம்னு எல்லாம் சொல்லாதப்பா, வந்தப்போ குடு" என்றாள். அவனைக் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். திரும்பப் பள்ளியில் சேரும் யோசனை இருக்கிறதா என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "கேட்டுப் பாத்தேன் ஐயா. இப்ப பதினொன்னுதான் தருவேன்றாங்க" என்றான். நான் மேலே பேசவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கோயில் கமிட்டிக்காரருக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரிந்தவர், மரியாதையானவர். தம்பியின் ஆறாயிரத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐயா, அதே மலர்ல நீங்களும் நாலு பக்கம் எழுதினீங்க. நீங்க கேட்டீங்களா? சாமி காரியம்னு சும்மாத்தானே குடுத்தீங்க. உங்களுக்கே குடுக்கல, அந்தப் பையனுக்கு மட்டும் எப்படின்னு கமிட்டியில கேக்கறாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஆறாயிரத்தை நிறுத்தி வைத்திருப்பது என் நாலு பக்கம். நம் வயதில் எழுதுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், வங்கிக்காரர்கள், என்னைப் போலத் தபால்காரர்கள். காசு கேட்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிறோம். நமக்கு அது கௌரவம்தான், பென்ஷன் தேதி தவறாமல் வருகிறதே! இதையே நம்பி இருக்கிறவனின் கூலியை நாம் பூஜ்யமாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு எழுபது வயதில்தான் உறைத்தது. வசதி இருக்கிற நாம்தான் முதலில் காசு கேட்க வேண்டும். வாங்கின பிறகு உண்டியலில் போட்டாலும் சரி, ஏழைப் பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தாலும் சரி. ஆனால் எழுத்துக்கு விலை உண்டு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஏறட்டும்.

இதைப் படித்துவிட்டுச் சில நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். சாமிக்கும் பள்ளிக்கும் காசு கேட்கிறானே என்பார்கள். கல்வெட்டு செதுக்கிய சிற்பி கூலி வாங்கினாரா இல்லையா என்று அவர்களே விசாரிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பொன்விழா மலருக்கு அந்தக் காலத்துக் கள்ளக்குறிச்சியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "எழுதித் தரேன், 1,500 ரூபாய்" என்றேன். சொல்லும்போது எனக்கே குரல் நடுங்கியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், நீங்க பென்ஷன் வாங்கறவர்தானே?" என்றார் அந்த இளைஞர். ஆமாம் என்றேன். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் எழுதாவிட்டால் இன்னொருவர் இருக்கிறார் என்று தம்பியின் நம்பரைக் கொடுத்தேன். தம்பிக்கும் போன் செய்து, கூப்பிட்டால் அதே 1,500 சொல், ஒரு ரூபாய் குறைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை. எங்கள் இருவருக்குமே இன்னும் போன் வரவில்லை.