கண் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்



2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் விமானக் குண்டுகள் விழுந்தன. அந்த ஆண்டு இடம்பெயர்ந்தவர்களில் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். செல் துண்டுகளை உடம்பில் சுமந்தபடி வந்தவர்களும் உண்டு. வீடுகளுக்குப் போகும்போது கண்ணருகே பட்ட காயத்தைப் பற்றிக் கேட்டால், “கண் தெரியுதுதானே, பிறகென்ன?” என்பார்கள். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

கண்குழிக்கு மேலே மூளை இருக்கிறது. நடுவில் உள்ள எலும்பு மிக மெல்லியது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் மெல்லியது. செல் துண்டோ, கம்பியோ, விறகுச் சுள்ளியோ, பென்சிலோ இமை வழியாகப் பாய்ந்து அந்த எலும்பைத் துளைக்கலாம். கண்விழி ஒதுங்கிக் கொள்வதால் பார்வை தப்பிவிடும். வெளியே தெரிவது சின்னக் கீறல் மட்டுமே. உள்ளே போன கிருமி சில நாட்களில் மூளையில் சீழ் பிடிக்க வைக்கும்.

1559இல் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றிக்கு ஈட்டி விளையாட்டில் ஒரு சிராய் கண்ணருகே பாய்ந்தது. பத்து நாள் கழித்தே இறந்தார். அன்று ஸ்கானும் இல்லை, கிருமிகொல்லி மருந்தும் இல்லை. இன்று எங்களுக்கு இரண்டும் உண்டு. நேரத்துக்குப் போவதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்திக் கட்டாதீர்கள். சுத்தமான கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, அசையாமல் ஒட்டுங்கள். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உண்ணவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். குத்தியது தடி என்றால் மிச்சத் துண்டையும் கொண்டுபோங்கள். மரத்துண்டு ஸ்கானில் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

காயம் ஆறிய பிறகும் காய்ச்சல், கடும் தலையிடி, வாந்தி, வலிப்பு, மயக்கம், மூக்கால் தெளிந்த நீர் வடிதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே போங்கள். பழைய செல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுத்து அசைக்கும்.

தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று யோசித்தே காலம் கடத்துகிறார்கள். அந்த யோசனை நியாயமானது. ஆகவே இன்றைக்கே அயல் வீட்டு அக்காவுடன் பேசி வையுங்கள்: “எனக்கொன்று என்றால் நீங்கள் பாருங்கள், உங்களுக்கொன்று என்றால் நான் பார்க்கிறேன்.” இந்தப் பேச்சு ஒரு உயிரைக் காப்பாற்றும்.