மரியாதையாக

"மரியாதையாகக் கொடுத்துவிடு" என்று வட்டிக்காரர் வாசற்படியில் செருப்பைக் கழற்றாமலே நின்று சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் மரியாதை எள்ளளவும் இல்லை என்பதைக் கடன்பட்டவன் மட்டுமன்றி, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் அவன் குழந்தையும் அறியும். ஸம்ஸ்கிருதத்தில் 'மர்யாதா' என்பது எல்லையையும் கரையையும் குறிக்கும் பதம். கடல் கரையைத் தாண்டாதிருப்பதுபோல் மனிதன் தன் வரம்புக்குள் நின்று ஒழுகுவதே மரியாதையாக நடப்பது என்று தமிழில் பொருள் கனிந்தது. கனமானது என்று பொருள்படும் 'குரு'விலிருந்து பிறந்த 'கௌரவமாக' என்பதோ ஊரார் பார்வையை நாடுவது. அதற்குச் சலவைச் சட்டை ஒன்றிருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். ஆனால், தன்னடக்கத்தைச் சொல்லவந்த 'மரியாதையாக' என்னும் வினையடை, ஏவல் வினைக்கு முன்னே வந்து நின்ற மாத்திரத்தில், பேசுகிறவனுடைய வரம்பை மறந்து, கேட்கிறவனுடைய வரம்பை மாத்திரம் சுட்டும் மிரட்டலாகிவிடுவதுண்டு. மளிகைக் கடைக்காரர் பாக்கி வைத்த கிழவியிடமும் மரியாதையாகப் பேசினார் என்று படர்க்கையில் சொல்லிப் பாருங்கள். பழைய பொருள் பழுதின்றி அங்கேயே இருக்கிறது.