சாப்பாட்டு விலையையும் வாசலிலேயே சொல்லுங்கள்

தீம் பார்க் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டவுடன் எந்த வீட்டிலும் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையைத்தான். பெரியவர்களுக்கு எவ்வளவு, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு, முன்பதிவு செய்தால் தள்ளுபடி உண்டா என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே போனில் தெரிந்துவிடுகிறது. வேன் வாடகையும் டோல்கேட் கட்டணமும்கூடத் தெரியும். நாள் முழுக்க உள்ளே இருக்கப்போகிறவர்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும் தெரியாது. வாசலில் கேட்டால், உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற பலகை மட்டும் பெரிய எழுத்தில் தொங்குகிறது.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவராதே என்று சொல்கிற பூங்கா, தான் விற்கும் சாப்பாட்டின் விலையை டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எடை, கழிவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அங்கே ஒரு மூட்டை கைமாறும். வீட்டுச் செலவையும் அப்படித்தான் நோட்டில் எழுதி வைப்பேன். போன கோடை விடுமுறையில் நாங்கள் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனபோது அந்த நோட்டில் சாப்பாடு என்ற இடத்தில் 450 ரூபாய் என்று எழுதியிருந்தேன். அதற்குள் அடங்கியவை: ஒன்றரைக் கிலோ அரிசி, புளி, நிலக்கடலை, நல்லெண்ணெய், இரண்டு லிட்டர் பால், மோர்மிளகாய். விடிகாலையில் எழுந்து புளிசாதம் கிளறினோம். வெயிலில் புளித்துவிடாமல் இருக்கத் தயிர்சாதத்துக்குப் பாலைத் தூக்கலாக ஊற்றிப் பிசைந்தோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி என்று ஏழு பேருக்கு அது தாராளம்.

அந்தத் தூக்குச்சட்டிகள் எல்லாம் வாசலைத் தாண்டவில்லை. மே மாத வெயிலில் பூட்டிய வேனுக்குள்ளேயே இருந்தன. மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றால், வெளியே போனவர்கள் மறுபடி வர முடியாது என்றார்கள். உள்ளே அரைத்தட்டு வெஜிடபிள் பிரியாணி 220 ரூபாய். எங்கள் தெரு மெஸ்ஸில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் இலை போட்டுச் சாப்பிடலாம். மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், சாயங்கால டீ, தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் சேர்த்து 3,640 ரூபாய் ஆனது. கிட்டத்தட்ட என் ஒரு வாரச் சம்பளம்.

ஏழு பேரும் வயிறாரச் சாப்பிட்டிருந்தால் அதற்கும் மேலே போயிருக்கும். விலைப்பலகையை அண்ணாந்து பார்த்ததுமே ஓரகத்தி, "எனக்குப் பசிக்கலீங்கக்கா, நீங்க வாங்கிக்குங்க" என்றாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பசிக்கிறது என்று சொல்லியிருந்தாள். நானும் பிள்ளைகள் மீதம் வைத்ததைத்தான் சாப்பிட்டேன். சுற்றியிருந்த மேசைகளிலும் அதுதான் நடந்தது. தட்டு வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும். குடும்பத்தின் சந்தோஷத்துக்காகப் போன இடத்தில், செலவுக்கு ஈடுகட்ட ஒரு பெண் பட்டினி கிடக்கிறாள் என்பது எனக்குச் சாதாரணமாகக் கடந்துபோகும் விஷயமாகத் தெரியவில்லை. அது எந்தக் கணக்கிலும் வராது என்பதுதான் இன்னும் வருத்தம்.

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மதியம் இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அவருக்காகத் தனியாக ஒரு டப்பாவில் இரண்டு சப்பாத்தியும் கீரைப் பொரியலும் வைத்திருந்தேன். கைக்குழந்தைக்குப் பால் மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். "எங்களுக்குச் சொன்னதைத்தானுங்கம்மா செய்யறோம்" என்றார் பையைச் சோதித்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த வெயிலில் நிற்கிற கூலிக்காரர் அவர். மருந்துச் சீட்டைக் காட்டி, மேற்பார்வையாளர் வந்து பேசி, கடைசியில் அந்த ஒரு டப்பாவை மட்டும் விட்டார்கள். சீட்டு கையில் இல்லாத ஒருவர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உள்ளே கிடைத்தது பிரைடு ரைஸ், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல். சர்க்கரைக்காரர் பயமில்லாமல் சாப்பிட அதில் ஒன்றுகூட இல்லை.

இதைப் பேசினால் சட்டம் தெரிந்தவர்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்வார்கள். திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018இல் போட்ட உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று ரத்து செய்தது. திரையரங்கு தனியார் சொத்து, உரிமையாளர் நிபந்தனை விதிக்கலாம், உள்ளே வாங்கிச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் பார்வையாளரின் விருப்பம் என்பது அதன் சாரம். சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சிறு குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது.

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது திரையரங்கைப் பற்றியது. சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுவரை யாரும் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கலாம். பூங்காவில் காலை பத்தரைக்கு உள்ளே போகிற குடும்பம் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வருகிறது. நாள் பூராவும் தண்ணீரில் குதித்த பிள்ளைக்குப் பதினோரு மணிக்கே பசி எடுத்துவிடும். அவ்வளவு நேரம் அங்கே சாப்பாட்டை விருப்பம் என்று சொல்ல முடியாது. குடிநீருக்கும் இதே நிலைமைதான். நாங்கள் போன இடத்தில் இலவசக் குழாய் இருந்தது. கழிப்பறையை ஒட்டி ஒரு மூலையில், டம்ளர் இல்லாமல் இருந்தது. பாட்டில் தண்ணீர் ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் கிடைத்தது.

சீனாவில் இதே விஷயத்துக்காக ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். 2019இல் ஷாங்காய் டிஸ்னிலாண்டுக்கு அவர் வாங்கிக்கொண்டு போன தின்பண்டங்களின் விலை 46.30 யுவான். வாசலில் பையைச் சோதித்து, உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இருக்கும் டிஸ்னி பூங்காக்களில் அனுமதிக்கும் ஒன்றுக்கு எங்கள் நாட்டில் மட்டும் ஏன் தடை என்று சீனாவில் பெரிய விவாதம் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பூங்கா விதியை மாற்றியது. சூடு செய்யத் தேவையில்லாத, வாடை தூக்கலாக இல்லாத உணவைத் தங்களுக்கென்று எடுத்துவரலாம் என்றானது. மாணவிக்கு 50 யுவான் இழப்பீடு கொடுத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை சின்னது. அதனால் பயன் பெற்றவர்கள் அந்தப் பூங்காவுக்குப் போகிற எல்லாக் குடும்பங்களும்.

அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வந்த என் தம்பி குடும்பம் எலுமிச்சை சாதமும் சப்பாத்தி ரோலும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனது. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது, சொந்த உணவு கூடும் என்பது அங்கே விதி. சாப்பாட்டுக் கவுண்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. அந்தப் பூங்காக்களில் இருக்கும் உணவகங்களின் பட்டியலும் விலையும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. உள்ளே விலை மலிவில்லை. ஆனால் எந்த வேளை வாங்குவது, எந்த வேளை கட்டுச்சோறு என்று தம்பி மனைவி வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்ய முடிந்தது. என் நோட்டில் என்னால் செய்ய முடியாமல் போனது அதுதான்.

பூங்காக்காரர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். நீச்சல் குளத்தோரம் கோழி எலும்பு கிடந்தால் யார் காலிலாவது குத்தும். குளிர்பானப் பாட்டிலில் மதுவைக் கலந்து கொண்டுவருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வெளிச் சாப்பாட்டால் ஒருவருக்கு வாந்தி வந்தாலும் கெட்ட பெயர் பூங்காவுக்குத்தான். ஆனால் இவற்றுக்கு வழி, வாசலுக்கு உள்ளே குளங்களை விட்டுத் தள்ளி ஒரு கூரை, பத்துப் பெஞ்சு, கை கழுவ ஒரு குழாய், குப்பைக்கு இரண்டு தொட்டி. ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சித்ரான்னம் பிரித்துச் சாப்பிடுகின்றன. கூட்டமாக உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவது நம் மக்களுக்குப் புதிதில்லை. இடமும் தொட்டியும் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சாப்பாட்டு வருமானம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது என்பது அடுத்த வாதம். அது அவர்களின் உண்மையான கணக்கு, மறைக்கத் தேவையில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் வொண்டர்லா நிறுவனம் முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில், வருகிற ஒருவரிடமிருந்து டிக்கெட்டில் சராசரியாக எவ்வளவு, டிக்கெட் அல்லாத வகையில் எவ்வளவு என்று தனித்தனியாகவே காட்டுகிறது. நம்மிடமிருந்து உள்ளே எவ்வளவு வரும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கணித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கொடுக்கப்போகிற நாமும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் விலையைத் தெரிந்துகொள்வதை நுகர்வோர் உரிமை என்றே சொல்கிறது. டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்திலும், வாசல் கவுண்டரிலும் உணவு விலைப்பட்டியலை வைக்க வேண்டும் என்று தமிழக அரசு ஓர் உத்தரவு போடலாம். அதற்கு ஒரு பலகைக்கு ஆகும் செலவுதான். சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் ஆகியோரின் உணவை மருந்துச் சீட்டு கேட்காமல் விட வேண்டும் என்பதையும் அதே உத்தரவில் சேர்க்கலாம்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மதியச் சாப்பாட்டையும் சேர்த்து விற்கும் டிக்கெட் இருந்தால், அதில் அளவு எவ்வளவு, இரண்டாவது முறை கேட்டால் கிடைக்குமா என்று விசாரித்து வாங்குவது நல்லது. காலையில் பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தி எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெளியே வந்து திரும்ப அனுமதி உண்டா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பாட்டுப் பணத்தைத் தனிக் கவரில் வைத்தால், யாரும் பசியை மறைக்கத் தேவையில்லாத அளவு அதில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். போதாது என்றால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுவது மேல்.

பிள்ளைகள் வரும் விடுமுறைக்கும் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறோம். நான் இரண்டு மூன்று பூங்காக்களுக்குப் போன் செய்து, உங்கள் கேன்டீன் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்கப்போகிறேன். அனுப்புகிற பூங்காவில்தான் டிக்கெட் எடுப்போம். இதைப் படிக்கிறவர்களும் டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஒரு போனைச் செய்யுங்கள்.