இன்னொரு தரம் பார்க்கச் சொல்வது தாயின் உரிமை



கடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் டிஸ்பென்சரிப் பிரச்சினையை எடுத்தபோது ஒருவர் எழுந்து கேட்டார்: “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அதுக்கும் சங்கமா, டீச்சர்? டாக்டரையா இருக்காரு, பாத்துக்குவாரு. நாம சம்பளத்தப் பேசுவோம்.” பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

சுகமில்லாத கைக்குழந்தையை இன்னொரு வைத்தியரிடம் காட்டுவதா, வேண்டாமா? மலையகத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது நான்கு விஷயங்கள்: பெரட்டுக்களம், வாகனம், மொழி, கையிலிருக்கும் காசு. இந்த நான்கிலும் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. தாய்க்கு விபரம் போதாது என்று பழி போடுகிறவர்கள் இந்த நான்கையும் மறைக்கிறார்கள்.

பருத்தித்துறைத் தாயும் தோட்டத்துத் தாயும்

நான் பருத்தித்துறையில் பிறந்தவள். பதினொரு வருடமாக மலையகத்தில் படிப்பிக்கிறேன். பாடசாலை விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். ‘யாழ்ப்பாணத்து ஆளு நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டாங்க’ என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது.

இங்கே ஒரு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் முதலில் பக்கத்திலுள்ள தனியார் கிளினிக்கில் காட்டுவாள். அடுத்த நாளும் மனம் ஒப்பவில்லை என்றால் ஓட்டோ பிடித்து மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போவாள். அங்கேயும் மனம் ஆறவில்லையா? 750 பஸ்ஸில் ஏறினால் முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. “இரவு முழுக்க அனுங்கினவன், பால் வாயிலையும் வைக்கேல்லை” என்று அவள் சொன்னால், போகிற இடமெல்லாம் அதை அப்படியே விளங்கிக்கொள்ள ஆள் உண்டு. அன்றைக்கு வேலைக்குப் போகாததற்குக் கணக்கு எழுத அவளுக்கு மேலே கங்காணி இல்லை.

நம்முடைய லயத்துத் தாயைவிட அவள் கெட்டிக்காரி என்று நான் நம்பமாட்டேன். அதற்கு என் ஊரே சாட்சி. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, குடாநாடு முழுக்க அடைபட்டது. ஊரடங்கு வேளையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் படலையைத் தாண்டப் பயம். அந்த நாட்களில் இதே பருத்தித்துறைத் தாய்மார், முதலில் பார்த்தவர் என்ன சொன்னாரோ அதையே கேட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்தபடி விடியும்வரை காத்திருந்தார்கள். பாதை மூடியதும் வாயும் மூடிக்கொண்டது. பாதை திறந்த பிறகுதான் கேள்வி கேட்கும் தைரியமும் திரும்பி வந்தது. நம்முடைய தோட்டங்களில் பாதை இருநூறு வருடமாக மூடிக் கிடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழி தெரியாமல் நோயைக் கேட்டறிய முடியாது என்பது இங்கே அவ்வளவு பழைய பாடம். அதே காலத்தில்தான் நம்முடைய முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக நடந்து, வழியிலேயே விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இன்றைக்கும் நம்முடைய தாய் பெரியாஸ்பத்திரி வாட்டில் பிள்ளையின் நோயைக் கைச்சாடையில் சொல்கிறாள்.

டிஸ்பென்சரியில் நடப்பது

தோட்ட மருத்துவ உதவியாளர்களில் நல்லவர்கள் பலர். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்களை எனக்குத் தெரியும். என் சண்டை அவர்களோடு அல்ல. ஆனால் அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். அவருடைய சம்பளம் தோட்ட நிர்வாகத்தின் கையில். தொழிலாளிக்குச் சுகயீனத் துண்டு எழுதுகிறவரும் அவர்தான். நாளைக்கும் அவர் வாசலில் நிற்கவேண்டிய ஒரு பெண், “ஐயா, இன்னொருத்தர்கிட்ட காட்டணும், எழுதிக் குடுங்க” என்று கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

2024 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் வகுப்புப் பிள்ளையின் தம்பி, ஒரு வயதும் எட்டு மாதமும். திங்கட்கிழமை காய்ச்சல். டிஸ்பென்சரியில் பனடோல் பாணி கொடுத்தார்கள். புதன்கிழமை மீண்டும் காட்டியபோதும் அதே பாணி, “வைரஸ் காய்ச்சல், போயிரும்” என்ற அதே பதில். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. தாய் நிம்மதியாகப் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போனாள்.

மடுவத்து ஆயா பார்த்தாள். பிள்ளை விளையாடவில்லை. கையும் காலும் சில்லிட்டிருந்தன. குடித்ததெல்லாம் வாந்தி. காலையிலிருந்து ஒண்ணுக்கும் போகவில்லை. மலைக்கு ஆளனுப்பித் தாயைக் கூப்பிட்டு, இருவருமாக டிஸ்பென்சரிக்குப் போனார்கள். “காய்ச்சல்தான் விட்டிருச்சே, இன்னும் என்ன?” என்றார்கள் அங்கே. ஆயா நகரவில்லை. “இல்லங்க ஐயா, சுகமான பிள்ளைக்கு மூஞ்சி இப்பிடி இருக்காது” என்றாள். துண்டு கிடைக்கவில்லை. பக்கத்து லயத்துப் பையனின் திறீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெங்கு. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அங்கே சொன்னார்கள். எட்டு நாள் வாட்டில் இருந்து பிள்ளை வீடு திரும்பியது.

அந்த இரண்டாவது பார்வைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையைப் பாருங்கள். தோடு அடகுக் கடைக்குப் போனது. தாய்க்கு ஒன்பது நாள் பேர் விழவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போட்டாலே 12,150 ரூபா. இதைச் சம்பளப் பிரச்சினை இல்லை என்று யார் சொல்வது?

எப்போது காத்திருக்கக் கூடாது

எல்லாச் சளிக்கும் ஓடவேண்டியதில்லை. மூக்கு ஒழுகினாலும் பிள்ளை குடிக்கிறது, விளையாடுகிறது, ஒண்ணுக்குப் போகிறது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும், முதலில் பார்த்தவர் என்ன சொல்லியிருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெட்டி எடுத்துக் கதவில் ஒட்டுங்கள்.

1. குடிக்கவோ முலைப்பால் உறிஞ்சவோ முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வந்தது, பிள்ளை மயங்கிக் கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை. இந்த நான்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொதுவான ஆபத்து அடையாளங்கள்.

2. மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தால் இன்னும் மோசம்.

3. காய்ச்சல் மூன்றாவது நாளும் விடவில்லை என்றால் இரத்தம் பரிசோதிக்கக் கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை சோர்ந்திருந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், முரசில் இரத்தம் கசிந்தால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலமாக ஒண்ணுக்குப் போகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். டெங்குச் சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான். இபுபுரூஃபன், அஸ்பிரின் கூடவே கூடாது.

4. வயிற்றோட்டத்தில் கண் குழிவிழுந்தால், அழுதாலும் கண்ணீர் வராவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் புறப்படுங்கள். போகும் வழியிலும் ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

5. இரண்டு தரம் காட்டியும் அதே மருந்து, பிள்ளைக்குக் குணமில்லை. என்ன வருத்தம் என்று கேட்டால் பதில் இல்லை. ‘இது எப்போதும் இருக்கிற என் பிள்ளை இல்லை’ என்று உங்கள் மனம் சொல்கிறது. இதுவும் காரணம்தான். பிள்ளையை இரவும் பகலும் பார்க்கிற கண் உங்களுடையது.

போகும்போது கிளினிக் கொப்பியையும், இதுவரை கொடுத்த எல்லா மருந்தையும் கையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனது என்று எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பாடசாலை போகும் மூத்த பிள்ளையிடம் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லை என்றால் “ஆயெத் பலன்ன” என்று கேளுங்கள். ‘திரும்பவும் பாருங்கள்’ என்று பொருள். “ஹுஸ்ம கன்ன அமாருய்” என்றால் ‘மூச்சு விடக் கஷ்டப்படுகிறது’. வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒரே காய்ச்சலுக்கு மூன்று மருந்துக்கடை ஏறி, மூன்று பாணியைக் கலந்து கொடுப்பது இரண்டாவது கருத்து ஆகாது, அது ஆபத்து. கோயிலில் திருநீறு போடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு போடுங்கள்.

‘வைத்தியரை அவமதிப்பதா?’

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ரயன் சோண்டர்ஸ் என்ற மூன்று வயதும் நிரம்பாத பிள்ளை 2007இல் இறந்தான். கிருமித்தொற்று நேரத்தோடு கண்டுபிடிக்கப்படவில்லை. பிள்ளைக்கு மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லியும் வேண்டிய வேகத்தில் கவனிக்கப்படவில்லை. அதன் பிறகு அந்த மாநில அரசு ஆஸ்பத்திரிகளில் ‘ரயன் விதி’ வந்தது. முதலில் தாதியிடமோ வைத்தியரிடமோ சொல். கேட்கவில்லையா, பொறுப்பான தாதியிடம் சொல். அதற்கும் பதில் இல்லையா, ஒரு தொலைபேசி இலக்கத்தை அழை. வேறொருவர் வந்து பிள்ளையைப் பார்க்கவேண்டும். 2024இலிருந்து இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளிலும் ‘மார்த்தா விதி’ என்று இதைப் போன்ற ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே எந்த வைத்தியரின் மரியாதையும் குறைந்துபோகவில்லை.

பெரியாஸ்பத்திரி என்றால் பிழை நடக்காது என்றும் நான் சொல்லவில்லை. 2023இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் கை அகற்றப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அதனால்தான் கேட்கும் உரிமை டிஸ்பென்சரியிலிருந்து கொழும்பு வரை எல்லாப் படியிலும் இருக்கவேண்டும் என்கிறேன்.

சங்கம் கேட்கவேண்டியது

2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவைத் தீர்மானித்த பிறகு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அன்றிலிருந்து நாள் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. பிள்ளையின் காய்ச்சலைப் பேச மேசை இல்லாமல் போனது. அந்த மேசையை மீண்டும் போடவைப்பது நம்முடைய வேலை. நம் கோரிக்கைகள் இவை:

1. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் கேட்டவுடன், காரணம் கேட்டு இழுத்தடிக்காமல், ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் துண்டு கொடுக்கவேண்டும். மறுத்தால் மறுத்த காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும்.

2. இரவோ பகலோ, பிள்ளையை ஏற்றிச் செல்லத் தோட்ட நிர்வாகம் வாகனம் கொடுக்கவேண்டும். கொழுந்து ஏற்ற லொறி உடனே வருகிறதே!

3. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நிற்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாட்களுக்குப் பேர் போடவேண்டும்.

4. தோட்ட மக்கள் போகும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், சிறுவர் வாட்டில் இரவும் பகலும் தமிழ் பேசும் ஒருவர் இருக்கவேண்டும்.

5. பிள்ளைமடுவத்து ஆயாமாருக்கு ஆபத்து அடையாளங்களில் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். ஆயா ‘அனுப்பு’ என்றால் அனுப்பவேண்டும்.

இந்த ஐந்தையும் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரக் கமிட்டித் தலைவர்களைக் கேட்கிறேன். மாதர் சங்கத் தலைவிமார் ஒவ்வொரு லயத்திலும் இதை வாசித்துக் காட்டுங்கள். துண்டு மறுக்கப்பட்ட தாய்மார் இருந்தால் திகதியையும் நடந்ததையும் எழுதி அனுப்புங்கள். தீர்மானத்தோடு அந்தக் கடிதங்களையும் சேர்த்து நிர்வாகத்தின் மேசையில் வைப்போம்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியை, சங்க அமைப்பாளர்