மேலே வெயில், அடியில் ஓதம்: மொட்டை மாடியை மாற்ற எவ்வளவு ஆகும்?

நவம்பர் பிறந்துவிட்டால் சென்னைவாசிகள் தினமும் விசாரிக்கும் எண் ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர்? ஏரியின் முழு உயரம் 24 அடி. ஆனால் ஏரியை ஒட்டியுள்ள ஊர்களிலும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கமும் வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்: படுக்கையறை சீலிங். போன மழைக்கு உள்ளங்கை அளவு இருந்த ஈரத் திட்டு இந்த மழைக்கு எவ்வளவு பெரிதாகியிருக்கிறது?

ஏப்ரல், மே வந்தால் அதே சீலிங் வேறு வேலை காட்டும். பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டை ராத்திரி வீட்டுக்குள் இறக்கும். 11 மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளும்.

"பேசாம மாடியையே மாத்திடலாமா?" என்று கேட்டால், ஒருவர் 25 ஆயிரம் என்பார், இன்னொருவர் இரண்டரை லட்சம் என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்கிறார்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்தான் பணம் போகிறது.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

வெயிலில்தான். கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள மாடியின் மேற்பரப்பு, பகலுக்கும் இரவுக்கும் இடையில் 30 டிகிரி ஏறி இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு குறுகப் பார்க்கும். தினமும் இப்படி நடந்தால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும் குழாய் இறங்கும் இடத்திலும் மயிரிழை விரிசல் விழும்.

கோடையில் அந்த விரிசலால் தொந்தரவு இல்லை. அக்டோபரில் மழை வந்ததும் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இருக்கும் கம்பியைத் தேடிப் போகும். கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் சீலிங் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுகிறது. வெயில் கதவைத் திறந்து வைக்கிறது, மழை உள்ளே வருகிறது.

பாலைவன வைத்தியம் இங்கே பலிக்குமா?

அமெரிக்காவின் அரிசோனா மாதிரியான பாலைவனப் பகுதிகளிலும் தட்டைக் கூரை வீடுகள் ஏராளம். ஃபோம் தெளித்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மட்டும் புதுப்பிக்கிறார்கள். யூடியூபில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஒயிட் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் உண்டு.

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் சுமார் 1,400. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டுகிறது. அங்கே கூரைக்கு எதிரி ஒருவர், இங்கே இருவர். வெள்ளைப் பூச்சு சூட்டைக் குறைக்கும், ஒழுகலை நிறுத்தாது. வாட்டர் புரூஃபிங் ஒழுகலை நிறுத்தும், ஆனால் நிறம் அடர்த்தியாக இருந்தால் சூட்டைக் கூட்டவும் செய்யும்.

'மாடியை மாற்றுவது' என்றால் எதை?

பெரும்பாலும் கான்கிரீட் தளத்தை அல்ல, அதன் மேல் இருக்கும் அடுக்கைத்தான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் பாவி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதற்கு மேல் தட்டோடு. கான்கிரீட் வந்த பிறகும் இந்தச் செங்கல் ஜல்லி அடுக்கு பல வீடுகளில் தொடர்ந்தது. வெயிலைத் தாங்குவது, தண்ணீர் ஓடும் வாட்டம் கொடுப்பது என இரண்டு வேலையையும் அதுவே பார்த்தது.

பட்ஜெட் வீடுகளில் முதலில் வெட்டப்படுவது இந்த அடுக்குதான். வெறும் தளத்தின் மேல் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அதற்கான பில் வருகிறது.

எவ்வளவு ஆகும்?

1,000 சதுர அடி மாடிக்கு ஒரு மாதிரிக் கணக்கு இது. பொருளின் தரம், மாடியின் உயரம், ஆள்கூலியைப் பொறுத்து மாறும்.

• சூட்டைக் குறைக்கும் வெள்ளைப் பூச்சு மட்டும்: 20 முதல் 30 ஆயிரம்.

• விரிசல் அடைத்து, வாட்டர் புரூஃபிங் பூச்சு: 40 முதல் 80 ஆயிரம்.

• பழைய அடுக்கைப் பெயர்த்து, வாட்டம் கொடுத்து, வாட்டர் புரூஃபிங் செய்து, கூலிங் டைல்ஸ் பதிப்பது: 1.8 முதல் 2.5 லட்சம்.

• கம்பி துருவேறி, தளத்தையே இடித்து மறுபடி போடுவது: 4 லட்சத்துக்கு மேல். இதில் சில மாத வாடகையையும் சேர்க்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வேறு படம் தெரியும். 60 ஆயிரம் ரூபாய் பூச்சு 5 ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 12 ஆயிரம். 2.2 லட்சம் ரூபாய் டைல்ஸ் வேலை 15 ஆண்டு தாங்கினால் ஆண்டுக்குச் சுமார் 14,700. வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இஎம்ஐ நெருக்கடியில் இருப்பவர் பூச்சைத் தேர்ந்தெடுப்பது தவறே இல்லை, தளம் நல்ல நிலையில் இருக்கும்வரை. உண்மையான நஷ்டம் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஒழுகலை நாலைந்து மழைக்காலம் தள்ளிப்போட்டால் வீடு அங்கே போய் நிற்கும்.

சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்காக மாடிச் செலவு 10 சதவீதம் குறைந்துவிடாது. இந்த வேலையில் சிமென்ட்டின் பங்கு சிறியது, கூலியின் பங்கு பெரியது.

கொட்டேஷனில் வராத விஷயம்: எடை

"பழசை எதுக்குப் பெயர்க்கணும்? மேலேயே டைல்ஸ் போட்டுடலாம்" என்று யோசனை வரும். பெயர்ப்பதைத் தவிர்த்தால் செலவு குறையும் என்பது உண்மை. 3 அங்குல செங்கல் ஜல்லி அடுக்கு, 1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 13 டன். அவ்வளவு இடிபாட்டைக் கீழே இறக்கி லாரி ஏற்ற வேண்டும்.

ஆனால் அதன் மேலேயே கலவையும் டைல்ஸும் போட்டால் இன்னும் ஏழெட்டு டன் ஏறும். சதுர மீட்டருக்குச் சுமார் 85 கிலோ. ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். வாட்டம் சரியில்லாமல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அது தனியாக ஒரு டன்னுக்கு அருகில். பழைய வீடு என்றால் இந்த முடிவை மேஸ்திரியிடம் மட்டும் விடாமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்பது நல்லது.

யார் பணம் கொடுக்க வேண்டும்?

தனி வீடு என்றால் கேள்வியே இல்லை. அபார்ட்மென்ட்டில் மேல் மாடிக்காரர் வீட்டில்தான் ஒழுகும். ஆனால் ரெரா சட்டம் பொதுவான மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில் வைக்கிறது. "உங்க வீட்லதானே ஒழுகுது, நீங்களே பாத்துக்குங்க" என்று கீழ் வீட்டார் கைகழுவ முடியாது.

வீடு ஒப்படைக்கப்பட்டு 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து தெரிவித்தால், 30 நாளில் கூடுதல் பணம் வாங்காமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 14-வது பிரிவு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும் திட்டங்களுக்கும், 8 வீட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் ரெரா பதிவு கட்டாயமில்லை. புறநகரில் இந்த அளவிலான கட்டடங்கள் நிறைய. வாங்கும் முன் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

அரசு என்ன செய்கிறது?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. அம்பத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் குளிர்கூரை சோதனையாகச் செய்யப்பட்டு, பசுமைப் பள்ளிகளுக்கு விரிகிறது. தெலங்கானா இன்னும் ஒரு படி மேலே போய் 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கெஜத்துக்கு மேற்பட்ட மனையில் வரும் வீடுகளுக்கும் குளிர்கூரை அங்கே கட்டாயம். 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் இலக்கு.

இவையெல்லாம் சூட்டுக்கான பதில்கள். நடுத்தர வீட்டின் ஒழுகலுக்குச் சொந்தக் காசுதான்.

எப்போது, எந்த வரிசையில்?

பிப்ரவரி முதல் மே வரை சரியான நேரம். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு உப்பி உரியும். அக்டோபரில் ஒழுகிய பிறகு ஆள் தேடினால் கூலியும் கூடும், வேலையும் நிற்காது.

வரிசை இதுதான்: முதலில் வாட்டம், நூறில் ஒரு பங்காவது, அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். பிறகு விரிசலும் மூலைகளும். பிறகு வாட்டர் புரூஃபிங். அது முடிந்ததும் பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழே சீலிங்கைப் பார்க்க வேண்டும். டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ அதற்குப் பிறகுதான். நெடுஞ்சாலைத் தூசு படிந்தால் வெள்ளை மங்கிவிடும், கோடைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும்.

கடைசித் தவணைப் பணத்தை அந்த 48 மணி நேரம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். கொட்டேஷனில் இந்தத் தண்ணீர் சோதனை இல்லை என்றால், எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும் அது குறைந்த விலை அல்ல.