துகளின் உறுதியும் மனிதரின் உறுதிமொழியும்

விஞ்ஞானம் ஆக்கத்துக்கா அழிவுக்கா என்னும் வினா நமது விவாத மேடைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகின்றது. பொதுப்பட வாதிப்பதிலும் ஒரு பொருளை எடுத்து ஆராய்தல் நலமென்பது எமது துணிபு. அப்பொருள் புளூட்டோனியம்.

1945இல் நாகசாகியைப் பொசுக்கிய குண்டின் கரு இதுவே. இதன் சமதானியாகிய புளூட்டோனியம் 239 பாதியாகக் குறைய ஏறக்குறைய 24,100 ஆண்டுகள் செல்லும். ஆதலின் ஒன்றிற் புதைத்தல் வேண்டும். அன்றேல் உலையில் எரித்தல் வேண்டும்.

எரித்தற்கு உகந்தவற்றுள் ஒன்று உயர்வெப்ப வாயு உலை. காரீயக் கட்டிகளினூடே ஈலிய வாயு ஓடி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். எரிபொருளோ கடுகளவான துகள். ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் அளவான கருவை நான்கு உறைகள் மூடுகின்றன. நுண்டுளை மலிந்த காபன் உறை பிளவினால் எழும் வாயுக்களுக்கு இடங்கொடுக்கும். செறிந்த காபன் உறைகள் இரண்டின் நடுவே அமைந்த சிலிக்கன் காபைட்டே அமுக்கத்தைத் தாங்கும் அரண். யுரேனியத் துகள்களில் 1600 பாகை செல்சியசிலும் இவ்வரண் நிலைத்தமையைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

இங்கிலாந்தின் வின்பிறித்தில் 1964இல் இயங்கத் தொடங்கிய டிராகன் உலை இத்துகளை வளர்த்தது. பென்சில்வேனியாவில் 1974 வரை இயங்கிய பீச் பொட்டம் உலையிற் புளூட்டோனியத் துகள்களும் சோதிக்கப்பட்டன. புளூட்டோனியம் மிக ஆழமாக எரிவதால் வாயு பெருகும். விடுபடும் ஒட்சிசன் காபனோடு கூடி உறையை உந்தும். கருவைச் சிறிதாக்கியும், அதன் ஒட்சிசனைக் குறைத்தும், முதலுறையைத் தடிப்பாக்கியும் இவ்விடரை அறிஞர் எதிர்கொள்கின்றனர்.

ஆயின் மனிதரின் உறுதிமொழி யாதாயிற்று? தலைக்கு 34 தொன் படைக்கலப் புளூட்டோனியத்தை ஒழிப்பதாக அமெரிக்காவும் இரசியாவும் 2000இல் உடன்பட்டன. அதனை எரிக்கவென இரு நாட்டாரும் கூடி இத்தகைய உலையொன்றை வரைந்தனர், அது கட்டப்படவில்லை. 2016இல் இரசியா உடன்படிக்கையை இடைநிறுத்திற்று. 2018இல் அமெரிக்கா இதற்கெனத் தென் கரோலினாவில் எழுப்பிய தொழிற்சாலையைக் கைவிட்டது. பிரித்தானியாவோ தன்னிடமுள்ள ஏறக்குறைய 140 தொன்னைத் திண்மமாக்கிப் புதைப்பதென 2025இல் தீர்மானித்தது.

புதைத்தல் எளிதென்பாரை யாம் இகழ்கிலேம். எந்த உலையும் முற்றாக எரிப்பதில்லை. எச்சத்தைப் புதைக்கவே வேண்டும். எனினும் புதைத்ததைத் தோண்டலாம், எரிந்தது மீளாது. எரிந்தபின் எஞ்சுவதும் பிரித்தற்கரிய உறைகளுள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். செலவு மிகினும் எரித்தலே வருந்தலைமுறைக்கு நாம் செய்யத்தக்க கடமை என்பது எமது கருத்து.

கடுகளவான துகள் தன் கடமையிற் பிறழவில்லை. பிறழ்ந்தது நாடுகளின் வாக்கு. ஆய்வுகூடம் புகும் நம் இளைஞர் உறை செய்யுங் கலையோடு வாக்குத் தவறாமையையும் கற்பாராக.