பூந்தொட்டியின் பட்டா

புனே நகரின் கோத்ரூட், எரண்டவணே, சஹகார்நகர் போன்ற பகுதிகளின் உட்தெருக்களில் காலையில் நடப்பவர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார். கார் அலுவலகத்துக்குப் புறப்பட்ட மறுகணம், அது நின்ற இடத்தில் வேறொரு பொருள் வந்து அமர்கிறது. பெரும்பாலும் அது பூந்தொட்டி. சில வீடுகளின் முன் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழைய டயர், அல்லது சிமெண்ட் நிரப்பிக் குழாய் நட்ட பெயிண்ட் வாளி. அருகே ஒரு பலகையும் தொங்கும்: இங்கு வண்டி நிறுத்தினால் சக்கரத்தின் காற்று இறக்கப்படும். 'புனேரி பாட்யா' எனப்படும் குத்தலான அறிவிப்புப் பலகைகளுக்குப் பெயர்பெற்ற நகரம் புனே. அவற்றைப் படமெடுத்துப் பகிர்ந்து சிரிப்பவர்கள், அவற்றுள் பல எந்த நிலத்தைக் காவல் காக்கின்றன என்று கேட்பதில்லை. மதிற்சுவருக்கு வெளியே இருப்பது வீட்டுக்காரரின் நிலமன்று, மாநகராட்சியின் பொதுத்தெரு.

பனிபெய்யும் நகரங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் பெரும்பனி கொட்டியபின், தன் காரைச் சுற்றியுள்ள பனியை மணிக்கணக்கில் வாரிக் கொட்டி இடத்தை மீட்டவர், அங்கே ஒரு நாற்காலியை வைத்துவிட்டு வேலைக்குச் செல்வார். திரும்பும்வரை அவ்விடத்தை வேறொருவர் எடுப்பது மரியாதைக் குறைவு. சிகாகோவிலும் பிட்ஸ்பர்க்கிலும் இதே வழக்கம் நிலவுகிறது. பாஸ்டன் நகராட்சி இதற்கு ஓர் எல்லை வகுத்தது: பனி அவசரநிலை விலக்கப்பட்ட பின் 48 மணி நேரம் மட்டுமே நாற்காலிக்கு மதிப்பு. அந்நகரின் சவுத் எண்ட் பகுதியினர் 2015இல் அதையும் வேண்டாமென்று விலக்கினர்.

அந்த நாற்காலிக்குப் பின்னே ஒரு பழைய நியாயம் இருக்கிறது. பொதுவாகக் கிடக்கும் ஒன்றில் தன் உழைப்பைக் கலப்பவனுக்கு அதில் உரிமை பிறக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் வாதிட்டார். பிறருக்கும் போதுமான அளவும் அதே தரமும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அவரே விதித்த நிபந்தனை. தமிழ்நாட்டுப் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிப்பவரின் உரிமையும் அளவுக்கு உட்பட்டதே. சில நிமிடங்களில் அவரே வந்து அமர்வார். பயணம் முடிந்ததும் அவ்வுரிமை முடியும்.

புனேயின் பூந்தொட்டிக்கு இந்த நியாயங்களுள் எதுவும் பொருந்தவில்லை. அங்கே வாரிக் கொட்டப் பனியில்லை. காலக்கெடுவும் இல்லை, தொட்டி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. உழைப்பே உரிமை தருமென்றால், அந்தத் தெருவில் உழைப்பவர் யார் என்று கேட்க வேண்டும். விடியுமுன் அதைப் பெருக்குபவர் மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர். வீடுவீடாகக் குப்பையைப் பெற்றுச் செல்பவர்களுள் பெரும்பகுதியினர் 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பைச் சேர்ந்த கழிவு சேகரிக்கும் பெண்கள். அவர்கள் தங்கள் தள்ளுவண்டியைச் சற்று நிறுத்த முயன்றாலும் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

வாசலைத் தெளித்து ரங்கோலி இடுகிறோமே, அது உழைப்பில்லையா என்று கேட்கலாம். உழைப்புத்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கோலமாயினும் மராட்டிய ரங்கோலியாயினும், அது வருபவரை வரவேற்கிறது. நண்பகலுக்குள் பிறர் காலடியில் கலைவதை ஏற்றுக்கொள்கிறது. வாசலைப் பேணுவதும் வாசலுக்கு வெளியே உள்ளதை வளைப்பதும் வெவ்வேறு செயல்கள்.

எதிர்த்தரப்பில் மறுக்கவியலாத குறைகளும் உண்டு. சதாசிவ் பேட், நாராயண் பேட் போன்ற பழைய பேட்டைகளின் தெருக்கள் கார் என்ற பொருளே இல்லாத காலத்தில் அமைந்தவை. இரவுப்பணி முடித்து வருபவர் அரை மணி நேரம் இடம்தேடி அலைவது கொடுமை. முதியவர் இருக்கும் வீட்டின் வாயிற்கதவை மறித்து முன்பின் தெரியாதவர் வண்டியை நிறுத்திச் செல்வது குற்றமே. எனவே வாயிற்கதவையும் சுவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே செல்லவும் வெளியே வரவும் வழி கேட்பது உரிமை. சுவரின் நீளமெங்கும் தெருவைக் கேட்பது ஆக்கிரமிப்பு.

அந்த ஆக்கிரமிப்பு சிறியதன்று. இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட நிறுத்துமிடம் ஏறத்தாழ 135 சதுர அடி. மகாராட்டிரத்தின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் நெடுங்காலம் ஒரு முழுக் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட வீடு 269 சதுர அடி. ஒரு கார், ஒரு குடும்பத்தின் பாதி வீட்டை வாடகையின்றிப் பெறுகிறது. மும்பை நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று ஏற்றது. ஆயினும் நடைபாதை பொதுச்சொத்து, அதைத் தனிப்பயனுக்குக் கொள்ள எவருக்கும் உரிமையில்லை என்றும் கூறியது. வாழ வழியற்றவருக்குச் சொல்லப்பட்ட அந்த விதி, கார் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் சொல்லப்படுவதில்லை? தெருவோர வியாபாரியிடம் 2014ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழ் கேட்கிறது. பூந்தொட்டியிடம் யாரும் பட்டா கேட்பதில்லை.

2018இல் புனே மாநகராட்சி கட்டண நிறுத்தக் கொள்கையைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு மூண்டது. சில முக்கியச் சாலைகளில் சோதனையாக மட்டும் என்று அது சுருக்கப்பட்டது. பொதுத்தெருவுக்குக் கட்டணமா என்று அன்று கொதித்தவர்களுள், அதே தெருவைக் கட்டணமின்றி வளைத்திருந்தவர்கள் இல்லாமலிருந்திருக்க வாய்ப்பில்லை. நிறுத்த இடமுண்டு என்ற சான்று இருந்தாலே கார் வைத்துக்கொள்ளலாம் என்று ஜப்பான் 1962இலேயே சட்டம் செய்தது. அத்தகைய விதியைக் கொண்டுவரும் எண்ணத்தை மகாராட்டிர அரசும் 2025இல் வெளியிட்டது. ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு அது விடையாகாது.

சட்டம் வரும்வரை அண்டை வீட்டார் தாமே சில நெறிகளை ஏற்கலாம். வாயிற்கதவை மறிக்காதிருப்பது முதல் நெறி. வண்டியின் கண்ணாடியில் தொலைபேசி எண்ணை வைத்துச் செல்வது இரண்டாவது. திருமணம், நோய், வீடு மாற்றம் போன்ற தேவைகளுக்கு முன்னரே சொல்லிக் கேட்டு, ஒரு நாளைக்கு மட்டும் இடம் ஒதுக்கிக்கொள்வது மூன்றாவது. நான்காவதே கடினமானது: வண்டி போனதும் இடத்தையும் விட்டுவிடுவது. முதல் வாரத்தில் நட்டமாகத் தோன்றும். எல்லோரும் தொட்டியை உள்ளே எடுத்த தெருவில், பகலெல்லாம் வெறுமனே கிடந்த இடங்கள் அனைவருக்கும் திறந்திருக்கும். ஓர் இடத்தை இழந்தவருக்குத் தெருவே திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒருவர் மட்டும் எடுத்தால் அவர் ஏமாளியாவார் என்ற அச்சத்தில் ஒவ்வொருவரும் காத்திருக்கின்றனர். முதல் தொட்டியை எந்த வீடு உள்ளே எடுக்கும் என்பதே இப்போது ஒவ்வொரு தெருவும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.